புள்ளலூரில் ஒரு பகல்

பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் ஒரு ஜும்ஆவன்று ஒட்டப்பட்டது. ‘போர்க்களங்களும் ஆற்றங்கரைகளும்: ஒரு நாள் சுற்றுலா. திப்பு சுல்தானின் வெற்றிக்களம் காண வாரீர்! விளக்கிச் சொல்ல அனுபவமிக்க வரலாற்றாசிரியர் உடன் வருகிறார். மதிய உணவு உண்டு.’ எழுதியவர்கள் எங்கள் மஹல்லாவின் இளைஞர்கள். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார்க் கம்பெனிகளில், டயர்க் கம்பெனிகளில், கண்ணாடிக் கம்பெனிகளில் ஷிப்டு முறையில் வேலை பார்ப்பவர்கள். ஒருவர் உறங்கும் நேரத்தில் மற்றவர் பொறியின் முன் நிற்பதால், ஒரே அறையில் தங்கியிருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் வாரக்கணக்கில் காணாதவர்கள் அவர்களுள் உண்டு. பொங்கல் விடுமுறையை ஒட்டி இரண்டு நாள் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைத்தது. அதனை வீணாக்கக்கூடாது என்று அவர்கள் எண்ணியதன் விளைவே இந்த ஏற்பாடு.

எங்கள் மஹல்லாவில் உள்ளூர்க்காரர் என்று சொல்லத்தக்கவர் மிகச் சிலரே. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, மேலப்பாளையம், வாணியம்பாடி என்று பல ஊர்களிலிருந்து பிழைப்பை நாடி வந்து குடியேறியவர்களே பெரும்பாலோர். கபர்ஸ்தானில் எங்கள் பாட்டன்மார் எவரும் துயிலவில்லை. பிள்ளைகள் பள்ளியில் ‘உன் ஊர் எது?’ என்று கேட்கப்பட்டால் ஒரு கணம் தயங்குகிறார்கள். ஆகவே, நாங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் திப்பு சுல்தான் போரிட்ட மண் இருக்கிறது என்று இளைஞர்கள் சொன்னபோது, அந்தச் செய்தி எங்களுக்கும் இனித்தது. இந்த மண்ணில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று பிள்ளைகளிடம் காட்டலாமே என்ற ஆசை! வேனில் எங்கள் வீட்டார் நால்வருக்கும் இடம் பதிவு செய்தோம்.

சுபுஹுத் தொழுகை முடிந்ததும் இரண்டு வேன்கள் புறப்பட்டன. ஆண்களும் பெண்களும் சிறுவர்களுமாக நாற்பது பேருக்குக் குறையாது. பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் அவர்களும் வந்தார்கள். வழிகாட்டியாக வந்தவர் காஞ்சிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். கையில் ஒரு குடை, தோளில் ஒரு துணிப்பை, பையினுள் துணியில் ஒட்டிய பழைய நிலப்படம். இளைஞர்கள் அவரை ‘ஐயா’ என்று அழைத்தனர். அவரோ சின்னஞ்சிறுவர் உட்பட எங்கள் அனைவரையும் ‘பாய்’ என்றே அழைத்தார்.

முதலில் மணிமங்கலத்து ஏரிக்கரையில் இறங்கினோம். சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் ஏழாம் நூற்றாண்டில் முறியடித்த களங்களுள் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு கூறுவதை ஆசிரியர் ஐயா எடுத்துரைத்தார். ஏரி நிறைந்திருந்தது. வெண்ணிற நாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. பனி இன்னும் விலகவில்லை. எங்களில் பலர் நாள்தோறும் கம்பெனிப் பேருந்தில் இந்த வட்டாரத்தைக் கடந்தே வேலைக்குப் போகின்றனர். அந்தப் பேருந்தின் சன்னல்களுக்குத் திரை போட்டிருப்பார்கள், ஏறியவுடன் உறங்கிவிடுவோம், ஏரியை எங்கே பார்ப்பது என்று ஒரு தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒரகடம் சாலையில் தொழிற்சாலை மதில்கள் மைல் கணக்கில் நீண்டன. கொரியா, ஜப்பான், பிரான்சு, ஜெர்மனி என்று பல நாட்டுக் கம்பெனிகள். 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை வந்தபோது தொடங்கிய பெருக்கம் இது. 2006-இல் திறந்து 2014-இல் கதவடைத்த கைபேசித் தொழிற்சாலையைப் பற்றி வேனில் பேச்சு எழுந்து, அங்கே வேலையிழந்த உறவினர்களின் கதைகளாக விரிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் இறங்கவில்லை. இராமானுசர் பிறந்த ஊர் என்பதையும், 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொலையுண்ட இடத்தில் நினைவகம் எழுந்துள்ளதையும் ஆசிரியர் ஐயா இருக்கையில் இருந்தபடியே சுருக்கமாகச் சொன்னார். இலங்கைப் போரின் தீ இந்தச் சாலையோரம் வரை வந்து எரித்துவிட்டுப் போனதே என்று ஹஜ்ரத் அவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

அங்கிருந்து வடமேற்கே தக்கோலம். கி.பி. 949-இல் சோழ இளவரசன் இராசாதித்தன் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையோடு பொருது, யானைமீதிருந்தபடியே உயிர்விட்ட களம். ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்று பின்னர் அவன் பெயர் கல்வெட்டுகளில் ஏறியது. தோற்றவனுக்கும் இத்தகைய அழகிய பெயர் வாய்த்ததே என்று வியந்தோம். ஆயினும் அன்று எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தது அருகிலிருந்த ஆறுதான்.

கொசத்தலை ஆற்றை மறித்து நிற்கும் கேசவரம் அணைக்கட்டு அங்கே இருக்கிறது. கூவம் பிரிந்து செல்லும் இடமும் அதுவே. சென்னைவாசிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அதே கூவந்தான்! இங்கே அது தெளிந்த நீராக, அடியிலுள்ள மணல் வரிகள் தெரியுமாறு ஓடியது. வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்திருந்தமையால் அணையின் விளிம்பில் வெண்ணுரை தள்ளியது. பெண்கள் கால் நனைத்தனர். பிள்ளைகளைக் கரையேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கள் சின்னவன் ஒரு கூழாங்கல்லை நெடுநேரம் நீரில் கழுவிக்கொண்டே இருந்தான். இத்தகைய காட்சி வீட்டிலிருந்து இவ்வளவு அருகில் இருந்தும், எட்டு ஆண்டுகளாக இதனை நாங்கள் அறியாதிருந்தோம் என்பது வெட்கமாகவே இருந்தது.

ஆசிரியர் ஐயா குடையை மடக்கி ஆற்றைச் சுட்டினார். “பாய், நீங்கள் காண வந்த கதை இந்த ஆற்றில்தான் தொடங்குகிறது” என்றார். பின்னர் அவர் சொன்னதை எங்கள் சொற்களில் தருகிறோம்.

1780 ஜூலையில் மைசூர் அதிபர் ஹைதர் அலீ ஏறத்தாழ 80,000 பேர் கொண்ட படையுடன் மலைக்கணவாய்களைக் கடந்து கர்நாடகப் பகுதியில் இறங்கினார். அன்று ஆற்காட்டு நவாபாக இருந்த முஹம்மது அலீ வாலாஜா ஆங்கிலக் கம்பெனியின் நண்பர், அதைவிடக் கம்பெனிக்காரர்களின் பெருங்கடனாளி. சென்னையிலிருந்து தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்துக்குப் படையுடன் வந்து தங்கினார். பக்சார் போரில் வென்று பெயர் பெற்றவர் அவர். குண்டூரில் இருந்த கர்னல் பெய்லி தம் படையுடன் தெற்கே வந்து அவருடன் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகஸ்ட் 25 அன்று பெய்லி இதே கொசத்தலை ஆற்றின் கீழ்ப்பகுதியில் வடகரையை வந்தடைந்தார். ஆற்றில் நீர் இல்லை. அன்றே கடந்திருக்கலாம். காலையில் கடப்போம் என்று கரையிலேயே பாளயம் இறங்கினார். அன்றிரவு மேற்கே பெய்த மழையால் வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் அவர் அக்கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேர்ந்தது!

“ஓர் இரவுச் சோம்பல்” என்றார் ஆசிரியர் ஐயா. “அதன் விலையை அவருடைய சிப்பாய்கள் கொடுத்தார்கள்.”

வேன்கள் பேரம்பாக்கத்தை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. தேநீர்க்கடை ஒன்றின் முன் நின்று மீதிக் கதையைக் கேட்டோம். செப்டம்பர் 6 அன்று இந்த ஊரின் அருகே திப்பு, தந்தையார் அனுப்பிய படையுடன் வந்து பெய்லியைத் தாக்கினார். திப்புவுக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அன்று வெற்றி தோல்வி இல்லை. மன்றோ தம் முழுப்படையுடன் புறப்பட்டு வந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். அவர் வரவில்லை. கர்னல் பிளெச்சரின் கீழ் ஏறத்தாழ ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். அப்படைக்கு வழிகாட்ட வந்தவர்கள் ஹைதரின் கூலியைப் பெற்றவர்கள் என்று ஐயுற்ற பிளெச்சர், இரவில் பாதையை மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். இதைச் சொன்னபோது ஓர் இளைஞர், “ஐயா, நீங்கள் யாருடைய கூலி?” என்று கேட்க, ஆசிரியர் உட்பட எல்லோரும் சிரித்தோம். “மதியச் சாப்பாடு இன்னும் வரவில்லை பாய், வந்தபின் சொல்கிறேன்” என்றார்.

புள்ளலூர் பனைமரங்களும் வயல்களும் சூழ்ந்த சிற்றூர். ஏரிக்கரைச் சாலையில் இறங்கி நடந்தோம். கண்ணுக்கெட்டிய வரை நெற்பயிர் மஞ்சளித்து நின்றது. இங்கே ஒரு பெரும்போர் நடந்தது என்று சொல்ல அந்த வயலில் எந்த அடையாளமும் இல்லை. உண்மையில் இங்கே நடந்தவை ஒன்றுக்கு மேற்பட்டவை. மகேந்திரவர்மப் பல்லவன் தன் பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. சென்னைக்கும் காஞ்சிக்கும் மேற்கேயுள்ள நாட்டுக்கும் இடையில் நீர் நிறைந்த ஏரிகளும் சமவெளியும் இருப்பதால், படைகள் மோதிக்கொள்ள இந்த இடமே வாய்த்தது போலும்.

1780 செப்டம்பர் 10. பெய்லியும் பிளெச்சரும் சேர்ந்த படையில் ஏறத்தாழ 3,800 பேர். முந்தைய இரவு அவர்கள் நடந்துகொண்டே இருந்திருந்தால் விடியுமுன் மன்றோவை எட்டியிருக்கலாம். பெய்லி மீண்டும் நிற்கச் சொன்னார். விடிந்தபோது சுற்றிலும் மைசூர்ப் படை. திப்புவின் பீரங்கிகளும் இரும்புக் குழல் பொருத்திய வாணங்களும் பொழிந்தன. இடையில் கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அதன்பின் சுடுவதற்கு மருந்தில்லை. பிளெச்சர் மாண்டார். காலில் காயமுற்ற பெய்லி வெள்ளைத் துணியை உயர்த்தினார். அவரும் டேவிட் பெயர்டு முதலியோரும் சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டுசெல்லப்பட்டனர். பெய்லி அங்கேயே 1782-இல் இறந்தார். பெயர்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து மீண்டு, 1799-இல் அதே ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையின்மேல் ஏறிய படைக்குத் தலைமை தாங்கினார். திப்பு ஷஹீதானது அந்த நாளில்தான்.

மன்றோவோ காஞ்சிபுரத்தில் தம் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். இந்தியாவில் கம்பெனிக்கு அதுவரை இப்படியொரு தோல்வி நேர்ந்ததில்லை. திப்பு இந்த வெற்றியைத் தம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாகத் தீட்டச் செய்தார். பல்லக்கில் அமர்ந்த பெய்லியும், சிதறும் வெடிமருந்து வண்டியும் அதில் உண்டு. அதே காட்சியைக் காகிதத்தில் வரைந்த படம் ஒன்று 2022-இல் இலண்டனில் 6,30,000 பவுனுக்கு ஏலம் போனது.

பெய்லி சரணடைந்த இடத்தைக் கேட்டதும் இளைஞர்கள் தக்பீர் முழங்கினார்கள். வயலில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. எங்கள் பிள்ளைகளும் கூடவே குரல் கொடுத்தனர். எங்களுக்கும் மெய்சிலிர்த்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

லுஹர் நேரமாயிற்று. ஏரிக்கரையில் புளியமர நிழலில் பாய்களை விரித்தோம். கஸ்ராகத் தொழலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, வீட்டுக்கும் இங்கும் உள்ள தொலைவைச் சுட்டி, முழுமையாகவே தொழ வேண்டும் என்று ஹஜ்ரத் அவர்கள் சொல்லிவிட்டார்கள். தொழுகைக்குப் பின் அவர்கள் கைப்பேசியில் எதையோ கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

“1780 செப்டம்பர் 10 என்று ஐயா சொன்னார்களே, அது ஹிஜ்ரி 1194. ரமலான் மாதம். முதற்பத்து முடிகிற வேளை.”

யாரும் பேசவில்லை. தக்பீர் சொன்னபோது இருந்த உற்சாகம் வேறொன்றாக மாறியது. நோன்புக் காலத்து விடியற்காலை. ஸஹர் உணவு உண்டவர்களும், போர்ப்பயணத்துக்கு மார்க்கம் தந்த சலுகையைக் கொண்டவர்களுமாக அந்த வயலில் நின்றிருப்பார்கள். பத்ருப் போரும் ரமலானில் நிகழ்ந்ததன்றோ என்று ஓர் இளைஞர் மகிழ்ந்து சொன்னார். ஹஜ்ரத் அவர்கள் உடனே விடையிறுக்கவில்லை. “பத்ரில் எதிரணியில் கலிமாச் சொன்னவர் எவருமில்லை, தம்பி. இங்கே இரு பக்கமும் இருந்தார்கள்” என்றார்கள் பிறகு.

ஆசிரியர் ஐயாவும் தயங்கியபடியே அதனை உறுதி செய்தார். பெய்லியின் படையில் ஐரோப்பியர் ஐந்நூறு பேர் அளவில்தான். மற்றவர்கள் அனைவரும் சிப்பாய்கள். தமிழரும் தெலுங்கரும், இந்துக்களும் முஸ்லிம்களும் சென்னைக் கம்பெனிப் பட்டாளத்தில் கலந்தே இருந்தார்கள். ஹைதரின் படையிலும் அப்படியே: மைசூர் இந்துக்கள் ஏராளம், பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. கம்பெனியின் கூட்டாளியோ ஆற்காட்டு நவாப். திருவல்லிக்கேணியில் நாம் தொழும் பெரிய பள்ளிவாசல் அந்த வாலாஜாவின் பெயரைத்தான் தாங்குகிறது. திப்புவின் பெயர் எங்கிருந்து வந்தது? ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரல்லவா!

“அப்படியானால் நம்மவர்கள் எந்தப் பக்கம்?” என்று எங்கள் மூத்தவன் கேட்டான். பத்து வயது. அவனுக்கு விடை சொல்ல நாங்கள் வாயெடுக்குமுன், பரங்கிப்பேட்டைப் பாட்டியார் ஒருவர் பேசத் தொடங்கினார்கள். மகள் வயிற்றுப் பேரனுடன் வந்தவர்கள். அதுவரை அதிகம் வாய் திறக்காதவர்கள்.

“எங்கள் ஊரைக் கொள்ளையிட்டது யார் என்று கேளுங்கள். ஹைதருடைய பட்டாளம் வந்தது, கிட்டங்கிகளை உடைத்தது, துணி மூட்டைகளை அள்ளிப் போனது என்று எங்கள் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.”

“உம்மம்மா, அதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை” என்று பேரன் தடுத்தான்.

ஆசிரியர் ஐயா தலையை அசைத்தார். 1780 ஜூலையில் ஹைதரின் மகன் கரீம் சாகிபின் படை பரங்கிப்பேட்டையைச் சூறையாடியது உண்மையே என்றார். பரங்கிப்பேட்டை அன்று துணி வாணிகத்தில் செழித்த துறைமுகம். மரைக்காயர் குடும்பங்கள் பல அங்கே இருந்தன. கம்பெனிப் படைக்கு உணவும் தீனியும் கிடைக்கக்கூடாது என்பதற்காகச் சென்னையைச் சுற்றியும் கர்நாடகம் எங்கும் ஊர்கள் எரிக்கப்பட்டன. பஞ்சம் தொடர்ந்தது. 1785-இல் எட்மண்டு பர்க் இலண்டன் பாராளுமன்றத்தில் நவாபின் கடன்களைப் பற்றிப் பேசியபோது அந்த அழிவை விரித்துரைத்தார். அவருடைய குற்றச்சாட்டின் கூர்முனை ஹைதரைவிட, வட்டிக்கு மேல் வட்டி வாங்கி நாட்டைச் சீரழித்த கம்பெனி மனிதர்களை நோக்கியே இருந்தது. ஆனால் எரிந்த குடிசைக்கு உரியவனுக்கு இந்த வேற்றுமை எவ்வளவு ஆறுதல் தரும்?

இங்கேதான் சச்சரவு எழுந்தது. ஹஜ்ரத் அவர்கள் துஆ செய்வதற்குக் கைகளை உயர்த்தப் போகையில், சுற்றுலாவுக்கு முன்னின்று உழைத்த ஓர் இளைஞர் எழுந்து நின்றார். நல்ல பிள்ளை. ஃபஜ்ர் ஜமாஅத்தைத் தவறவிடாதவர். “ஹஜ்ரத், திப்பு சுல்தானுடைய பட்டாளத்தில் ஷஹீதானவர்களுக்காக என்றால் ஆமீன் சொல்கிறேன். கம்பெனியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு அவரைச் சுட்டவனுக்காக என்னால் முடியாது” என்றார். அவர் குரலில் நடுக்கம் இருந்தது. சிலர் ஆமோதித்தனர்.

அதற்கு மறுமொழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த மற்றோர் இளைஞர். ஒப்பந்தத் தொழிலாளி. மூன்று ஆண்டுகளில் நான்கு கம்பெனி மாறியவர்.

“நாம் எந்தக் கம்பெனியில் இருக்கிறோம், காக்கா? உங்களுடையது ஒரு நாட்டுக் கம்பெனி, என்னுடையது வேறு நாட்டுக் கம்பெனி. நாளைக்கு அந்த இரண்டு நாடும் சண்டையிட்டால் நம்மை யார் கேட்பார்கள்? அந்தச் சிப்பாயும் மாதச் சம்பளத்துக்கு வந்தவன்தானே. ஊரில் உம்மாவுக்குப் பணம் அனுப்ப வந்திருப்பான்.”

“காருக்குத் திருகாணி முடுக்குவதும் துப்பாக்கி தூக்குவதும் ஒன்றா?” என்று முன்னவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. இரண்டும் ஒன்றல்ல. பின்னவரிடம் அதற்கு விடை இல்லை, எங்களிடமும் இல்லை. ஆயினும் கம்பெனி என்ற அந்தச் சொல் எங்கள் எல்லோரையும் எங்கேயோ தைத்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அதே சொல்லைச் சொல்லித்தான் நாங்கள் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறோம்.

ஹஜ்ரத் அவர்கள் வாதிக்கவில்லை. “யா அல்லாஹ், இந்த மண்ணில் உறங்கும் ஈமான் கொண்டோர் அனைவரையும் மன்னித்தருள்வாயாக. அவர்களின் நிய்யத்தை நீயே அறிவாய்” என்று சுருக்கமாக துஆ ஓதினார்கள். பாட்டியார் கேட்டுக்கொண்டபடி, அந்த ஆண்டுகளில் பசியால் மாண்டவர்களுக்காகவும் ஒரு வாக்கியம் சேர்த்தார்கள். பெரும்பாலோர் ஆமீன் சொன்னோம். அந்த இளைஞர் மட்டும் சற்று விலகிப்போய் வேனின் அருகே நின்றார். அவரை எவரும் கடிந்துகொள்ளவில்லை.

உணவுக்குப் பின் நினைவுத் தூண்களைக் காணச் சென்றோம். வயல்களுக்கு நடுவே இரண்டு தூண்கள் கூர்நுனியுடன் உயர்ந்து நிற்கின்றன. 1780-இல் வென்ற வீரர்களுக்கோ மடிந்த சிப்பாய்களுக்கோ எழுப்பியவை என்று எண்ணிப் போனவர்களுக்கு ஏமாற்றமே. அவை அடுத்த ஆண்டுப் போரின் நினைவுகள். 1781 ஆகஸ்ட் 27 அன்று, கம்பெனித் தளபதி அயர் கூட்டும் ஹைதரும் இதே புள்ளலூரில் மீண்டும் மோதினர். கூட் வென்றதாகச் சொல்லிக்கொண்டாலும் முடிவான வெற்றி எவருக்கும் இல்லை. அன்று இறந்த கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்கு ஒரு தூண், கூட்டின் துணையதிகாரி கேப்டன் ஹிஸ்லாப்புக்கு ஒரு தூண். ஹஜ்ரத் அவர்கள் மீண்டும் கணக்கிட்டார்கள். அதுவும் ரமலான்தான், ஹிஜ்ரி 1195.

முதற்போரில் பெய்லியின் பக்கமிருந்த ஐரோப்பிய அதிகாரிகள் 86 பேர் என்றும், அவர்களில் 36 பேர் மாண்டனர் என்றும் ஆங்கில வரலாறுகள் ஒவ்வொருவராக எண்ணி எழுதியுள்ளன. சிப்பாய்கள் என்று வரும்போது எழுதுகோல் களைத்துவிடுகிறது. மைசூர்ப் படையில் விழுந்தவர்களின் நிலையும் அதுவே. மாளிகைச் சுவரில் குதிரைகளுக்கும் யானைகளுக்கும் இருக்கும் முகம்கூட அவர்களுக்குப் பெயராக வாய்க்கவில்லை.

எங்களுடன் வந்தவர்களில் மலேசியாவில் நெடுங்காலம் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். தூணைத் தடவிக்கொண்டே அவர் ஒன்று சொன்னார். தாய்லாந்தில் காஞ்சனபுரி என்ற ஊருக்குச் சுற்றுலாவாகப் போயிருக்கிறாராம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போட்ட மரண ரயில்பாதை அந்த ஊர் வழியாகத்தான் சென்றது. ஆறும் பாலமும் மலையும் மிக அழகு. அங்கே போர்க்கைதிகளாக இறந்த நேச நாட்டுப் படைவீரர்களுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் புல்வெளியில் வரிசையாக, பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் பொறித்து இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு அதே பாதையில் மடிந்த தமிழர்கள் ஆயிரமாயிரம் பேர். “நானும் தேடித் தேடிப் பார்த்தேன், நம் ஆட்கள் பெயர் அந்தப் புல்வெளியில் ஒன்றுகூட இல்லை” என்றார். காஞ்சனபுரியும் காஞ்சிபுரமும் பெயரளவில் நெருக்கமாக இருப்பதை அவர் சொல்லித்தான் கவனித்தோம்.

காஞ்சிபுரத்தில் தங்க நேரமில்லை. மன்றோ பீரங்கிகளைத் தள்ளிய குளம் எது என்று பிள்ளைகள் நச்சரித்தனர். வழியில் தென்பட்ட ஒவ்வொரு குளத்தையும் சுட்டி ‘இதுவா, இதுவா?’ என்று கேட்டுக்கொண்டே வந்தனர். ஆசிரியர் ஐயா சிரித்துச் சமாளித்தார். அஸரை நகரத்துப் பள்ளிவாசல் ஒன்றில் தொழுதுவிட்டு, செவிலிமேட்டுப் பாலத்தின் அருகே பாலாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தோம்.

பாலாறு என்றால் மணலாறு என்றுதான் கேட்டிருந்தோம். அன்று அகன்ற மணற்பரப்பின் நடுவே இரண்டு மூன்று கிளைகளாக நீர் ஓடிற்று. மேற்கே சூரியன் தாழ்ந்தபோது அந்தக் கிளைகள் ஒவ்வொன்றாகச் செம்பு நிறம் பூண்டன. மணல் அள்ளிய பள்ளங்கள் ஆங்காங்கே இருந்தன. அவற்றையும் நீர் நிரப்பி அழகாக்கியிருந்தது என்றாலும், கரையோரத்துக் கிணறுகள் வற்றிய கதையை ஆசிரியர் ஐயா சொல்லாமல் விடவில்லை. ஆசிரியருக்கு நாங்கள் அனைவரும் சேர்ந்து ஒரு சால்வை போர்த்தினோம். “காலையில் கேட்டீர்களே பாய், இன்றைக்கு நான் உங்கள் கூலிதான், பிரியாணி நன்றாக இருந்தது” என்றார்.

மஃரிபை ஆற்று மணலிலேயே தொழுதோம். அந்த இளைஞர் எல்லோருக்கும் முன்னதாக நீரருகே சென்று ஒளுச் செய்துகொண்டிருந்தார். சம்பளத்துக்கு வந்தவன் என்று சொன்ன தம்பி போய் அவர் பக்கத்தில் குந்தினார். என்ன பேசினார்கள் என்பது எங்கள் காதில் விழவில்லை. தொழுகையில் இருவரும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்றார்கள். தொழுகைக்குப் பின் மீண்டும் வாதித்துக்கொண்டேதான் வேனில் ஏறினார்கள்!

திரும்பும் வழியில் இரவுப் பணிக்குப் போகும் கம்பெனிப் பேருந்துகள் திரையிட்ட சன்னல்களுடன் எதிர்ப்பட்டன. எங்கள் மூத்தவன் தன் கேள்வியை மறக்கவில்லை. நம்மவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள் என்றோம். அப்படியென்றால் வென்றதும் நாம்தானா, தோற்றதும் நாம்தானா என்றான். ஆம் என்றோம். ஊர் எரிந்ததும் நமக்குத்தானா என்றான். அதற்கும் ஆம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் உறங்கிப்போயிருந்தான். சின்னவன் கையில் கொசத்தலைக் கூழாங்கல் அப்படியே இருந்தது.

அடுத்த ஜும்ஆவில் சுற்றுலாப் படங்களை இளைஞர்கள் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் நெல்வயலின் படம். அதன் கீழே, வேனருகே விலகி நின்ற அந்த இளைஞரின் கையெழுத்தில் ஒரே வரி: ‘புள்ளலூர், ஹிஜ்ரி 1194, ரமலான்.’